சரிகை கடித்த பல்லும் உன் கீச்சுப் பெட்டியும்

சொத்தைப் பற்களின் சிம்ம சொப்பனமே, என் தங்கைக்குத் தாலி கட்டிய மகா தைரியசாலியே, அருமை மாப்பிள்ளை,

நலமா என்று கேட்கமாட்டேன். அங்கே யாருக்கும் பல்வலியே கிடையாதாமே, உனக்குப் பொழுது எப்படிப் போகிறது? அமுதம் குடித்த தேவர்களெல்லாம் வாய் கொப்பளித்தார்களா என்று வாசலில் நின்று சோதித்துக்கொண்டிருப்பாய். உன்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன் நான், எனக்குத் தெரியாதா?

நீ மெட்ராஸிலிருந்து அந்தப் பெட்டியைத் தூக்கி வந்த நாள் நினைவிருக்கிறதா? பல் வேரின் நீளத்தைக் கரண்ட் வைத்து அளக்கிற பெட்டி. உதட்டில் ஒரு கொக்கி, பல்லுக்குள் ஒரு மெல்லிய ஊசி. ஊசி வேரின் நுனிக்குப் போனதும் பெட்டி கீச்சென்று கத்தும். நுனிக்கு முன்னாலேயே நின்றால் அழுகல் மிச்சமாகிவிடும், தாண்டினால் எலும்பில் புண் என்று நீ பொறுமையாக விளக்கினாய்.

நான் ஊருக்கு வேறு மாதிரி விளக்கினேன். "எங்க மாப்ள ஒரு மெஷின் கொண்டாந்துகிறாரு. ஊசிய பல்லுல வெச்சா, போளூர் டேசன்ல ரயில் வர்றது காதுல கேக்கும்!" பாதி ஊர் அதைக் கேட்கவே உன்னிடம் வந்தது. கரண்ட் என்றதும் மீதி ஊர் கண்ணமங்கலம் வரை ஓடியது. ஓடியவர்களுக்காக மட்டும் என்னைத் திட்டினாயே, வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை பாராட்டினாயா?

போகட்டும். சமாச்சாரத்துக்கு வருகிறேன். உன் மகள் கவிதா படித்து முடித்துவிட்டாள். உன் ஆஸ்பத்திரியில் உன் இடத்தில் நிற்கிறாள். நிற்கத்தான் செய்கிறாள், ஏனென்றால் நாற்காலியில் வந்து சாய ஆள் இல்லை. உன் போட்டோவைக் கும்பிடுகிறார்கள், "டாக்டர் யாரும்மா இப்ப?" என்கிறார்கள், "நான்தாங்க" என்று அவள் சொன்னதும் வேலூர் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

செல்போன் கடை வைக்க ஒருவர் அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். போன வாரம் என் தங்கை சரோஜா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ண்ணா, பொண்ணு காலி நாற்காலியத் தொடச்சிகினு நிக்கிறத என்னால பாக்க முடில. வெள்ளிக்கிழமை சாவியக் குடுத்துடறேன். அவ மெட்ராஸ்ல எங்கனா வேலைக்குப் போவட்டும்."

அந்த வாரம் என் முன்பல் வலித்தது. தற்செயல் என்கிறாயா? என் உடம்பில் எதுவும் என்னைக் கேட்காமல் வலிக்காது. அது என்ன லேசுப்பட்ட பல்லா, மாப்பிள்ளை? என் பட்டுக்கடையில் நான் அந்தப் பல்லைக் காட்டிச் சிரித்தால், சும்மா புடவை பார்க்க வந்தவர்கள் கல்யாணத்தையே நிச்சயம் பண்ணிக்கொண்டு போவார்கள். அந்தப் பல்லை உன் மகளிடம் ஒப்படைத்தேன். ஊரே பார்க்கட்டும் என்று தெருக்கதவைத் திறந்தே வைக்கச் சொன்னேன். சரோஜாவும் சாவியோடு வந்து ஓரமாக நின்றாள்.

ஊர் சார்பாக ஒருத்திதான் வந்தாள். சேவூர் தறிக்காரர் வீட்டு வள்ளியம்மா, வீங்கிய கன்னத்தோடு. "நான் வேலூருக்குப் போறவ. பஸ் வர்ற வரைக்கும் ஃபேன் கீழ குந்திகினு போறேன்" என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

கவிதா என் பல்லைக் குடைந்து திறந்தாள். உதட்டில் கொக்கியை மாட்டினாள். தூண்டிலில் சிக்கிய திமிங்கிலம்போலக் கிடந்தேன். ஊசி உள்ளே போனதோ இல்லையோ, கீச்! வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி வைத்தாள். கீச்! தண்ணீர் அடித்துக் கழுவி, காயவைத்து, இன்னொரு முறை. அப்போதும் கீச்!

"மாமா, வாயில எங்கனா மெட்டல் இருக்கா? பழைய அடைப்பு, கம்பி, எதனா?"

வாயில் அவள் வைத்திருந்த பஞ்சை எடுத்துவிட்டுச் சொன்னேன்: "இந்த வாயில பொய்யத் தவிர வேற எதுவும் இல்லம்மா."

பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "அவங்க அப்பா வெச்சா இப்டியா கத்தும்? ஆளப் பாத்துகினு கத்துது மெஷினு."

கவிதாவின் கை நின்றுவிட்டது. மல்லாந்து கிடந்த எனக்கு அவள் முகம் நன்றாகத் தெரிந்தது. என் பல் போனால் போகட்டும், இவள் இன்றைக்கு இந்த ஊசியைக் கீழே வைத்தால் இந்த ஊரில் மறுபடி எடுக்கமாட்டாள் என்று எனக்குப் புரிந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்துகொண்டே பேசாமல் இருந்தேன்.

அவள் வைக்கவில்லை. ஊசியை உள்ளேயே விட்டு எக்ஸ்ரே எடுத்தாள். ஃபிலிமை மருந்தில் நனைத்து ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள். "ஊசி பாதி வழிகூட போவல. அப்புறம் ஏன் நுனி வந்துடுச்சின்னு கத்துது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பிறகு ஃபிலிமைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "இதென்ன ஈறு ஓரமா, முடியாட்டம் வெள்ளையா?"

இடுக்கியை விட்டு, இரண்டு முன்பற்களுக்கு நடுவிலிருந்து மெல்ல இழுத்தாள். பளபளவென்று சுருண்டு வந்தது ஒரு சரிகைத் துணுக்கு!

"மாமா! உங்க கடைல கத்திரிக்கோலே கெடயாதா?"

சரிகையை நான் பல்லால் கடித்துத்தான் அறுப்பேன் என்பது நீ அறிந்ததே. சரிகையும் உலோக இழைதானே! சொத்தைக்குள் புகுந்த துணுக்கு, ஒரு முனையை ஊசியிலும் மறுமுனையை ஈறிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வேர் நுனி வரை போகச் சோம்பல்பட்ட கரண்ட் அதில் ஏறிக் குறுக்கு வழியில் இறங்கிவிட்டது. பெட்டி அதையே நுனி என்று நம்பிவிட்டது, பாவம்.

வள்ளியம்மா எழுந்து வந்து இடுக்கியை எட்டிப் பார்த்தாள். "சுத்த சரிகையா, டூப்பா?"

பட்டு நெய்கிற நம் ஆரணியில் வேறென்ன கேட்பார்கள்? "கரண்ட்டே பாஞ்சிடுச்சி, இன்னும் இன்னா சர்டிபிகேட் வேணும்?" என்றேன். கவிதா சிரித்தாள். நீ போனபிறகு அந்த அறையில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

மறுபடி ஊசி இறங்கியது. பெட்டி வாயைத் திறக்கவில்லை. இறங்கிக்கொண்டே போனதில், என் பல்லின் வேர் சேவூர் ஏரியில் போய் முடிகிறதோ என்றுகூடப் பயந்தேன். அப்புறம் அழகாக ஒரு கீச். இன்னொரு படம் எடுத்தாள். ஊசி போய் நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. "சரியா இருக்கு" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, சரோஜாவிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொன்னாள் மாப்பிள்ளை?

அவள் கை நின்ற அந்த நிமிஷத்தில் நீ பக்கத்தில் இருந்தாயா என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். இருந்திருந்தால் உன்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது, சொல்லிக் கொடுத்திருப்பாய். அவளாகத்தான் கண்டுபிடித்தாள். ஆகவே நீ இல்லை என்றே முடிவு கட்டியிருக்கிறேன். இது உனக்கு வருத்தமா, பெருமையா?

வெளியே வேலூர் பஸ் ஹாரன் அடித்தது. "போவட்டும் அது. நீங்க ஜல்தியா எறங்குங்க, எனக்கு வலிக்குது" என்று என்னை விரட்டிவிட்டு வள்ளியம்மா நாற்காலியில் ஏறிச் சாய்ந்தாள். சரோஜா செல்போன்காரருக்குப் போன் போட்டு, "வேற எடம் பாத்துக்குங்க, இங்க டாக்டர் இருக்காங்க" என்றாள்.

மாப்பிள்ளை, உன் போட்டோ முன்னால் நின்று வாக்குக் கொடுக்கிறேன். என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் அத்தனைக்கும் இனி உன் மகள்தான் சொந்தக்காரி. ஒவ்வொன்றாகக் கெடுத்தாவது அவளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். வேலூர்ப் பக்கம் போனால் கொட்டாவி விடக்கூட வாயைத் திறக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டியின் அண்ணன், உன் மகளின் முதல் பேஷன்ட்,
என்றும் உன் மச்சான்