துடைத்துவிட்ட கடைசி வரி

இன்று வகுப்பில் ஒரு மாணவி ஈரத்துணியால் கரும்பலகையைத் துடைத்தாள். சாக்பீஸ் தூளும் ஈரமும் கலந்த அந்த வாடை வந்ததும் நீயும் வந்துவிட்டாய். பாழாய்ப்போன வாடை. பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வராந்தாவுக்குப் போய் நின்றேன்.

எண்பதுகளின் கடைசியில், வேலப்பன்சாவடிக் கல்லூரியில் சாயங்காலம் பிள்ளைகள் போனதும் இந்த அறை நம் இருவருடையது. சம்பளத்துக்குப் பாடம் நடத்தினோம். உயிரை விட்டது அந்த ஒரு கணக்குக்குத்தான். ஆபரேட்டர்கள் எனும் செயலிகளாலான ஓர் இயற்கணிதத்தின் அலகுக் கோளத்துக்குள் ஒரு ஹோலோமார்பிக் சார்பு, தன் வரம்பைத் தாண்டாமல் இருக்கிறது. அதை இன்னும் பெரிய இயற்கணிதத்துக்கு, வரம்பு கொஞ்சமும் கூடாமல் நீட்ட முடியுமா? உன் அம்மா கேட்டபோது நீ சொன்னாய்: "சின்ன ஊட்ல சத்தம் போடாத புள்ள, பெரிய ஊட்டுக்குப் போனாலும் அப்டியே இருக்குமான்னு பாக்கறோம்மா." அம்மா, "உன்ன மாதிரி புள்ளன்னா இருக்காது" என்றார்.

நமக்கொரு வழக்கம். ஒருவர் பலகையில் நிரூபிப்பார், துடைப்பார். மற்றவர் நினைவிலிருந்து திருப்பிப் போடவேண்டும். திருப்பிப் போட வராத இடத்தில் ஓட்டை. அதுவரை தாளில் ஏறக்கூடாது. "எழுதிட்டா நம்பிடுவோம் மச்சான்" என்பாய். மழைக்காலம் முழுக்க நாம் சுமந்த தப்பை அப்படித்தான் பிடித்தோம். வெறும் எண்களைப் பெருக்குகிற பழக்கத்தில் வரிசை மாறினால் விடையே மாறிவிடும் இரண்டு செயலிகளை முன்பின்னாக மாற்றிப் பெருக்கியிருந்தோம். "சட்டைக்கு மேல பனியன் போட்டுகினு கீறோம்டா" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய். முடிந்ததாக நினைத்த நிரூபணம் கடைசி வரியில் நின்றுபோயிற்று.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பஸ் நிறுத்தத்தில் என் தோளைப் பிடித்து உலுக்கினாய். "கடைசி வரி வந்துட்ச்சு மச்சான். வரிசைய மாத்தாமலே போவலாம். திங்கக்கெழம போட்டுக் காட்றேன்."

திங்கட்கிழமை நீ வரவில்லை. மஞ்சள் காமாலை என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து, வாயால் சொல்லுடா, எழுதிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன்.

"பலகை இல்லாம இன்னாத்த சொல்றது? சொவத்துல போட்டா நர்சம்மா சாத்தும். ஊட்டுக்கு வந்துர்றேன், இரு" என்றாய்.

வரவில்லை. படுபாவி, வரவேயில்லை.

இப்போதெல்லாம் பாடியிலிருக்கும் உன் வீட்டுக்குப் போகவே பயமாயிருக்கிறது. காப்பியை வைத்துவிட்டு அம்மா அதையேதான் கேட்கிறார்: "இன்னாப்பா, கணக்கு முடிஞ்சிதா? எம்புள்ள பேரு அச்சுல வருமா?" வரும்மா என்கிறேன். எப்படி வரும்? கடைசி வரி இல்லாத நிரூபணத்தை எவன் அச்சடிப்பான்? எப்படியெல்லாமோ போட்டுப் பார்த்துவிட்டேன். எங்கே திரும்பினாய் என்று எனக்குத் தெரியவில்லையடா. நீ கண்டுபிடித்தாய், அது இருந்தது, இப்போது உலகத்தில் எங்குமே இல்லை. நினைத்தால் கத்தவேண்டும் போலிருக்கிறது.

இன்று சாயங்காலமும் அறைக்குப் போனேன். எனக்குத் தெரிந்தவரை போட்டேன். துடைத்தேன். கை பழக்கத்தில் பின்னால் திரும்பி, உன்னிடம் சாக்பீஸை நீட்டினேன்.

நீ ஒருநாளும் சாக்பீஸ் கொண்டுவந்தவன் இல்லை. இன்னமும் சட்டைப்பையில் இரண்டு துண்டு போட்டுக்கொண்டுதான் வருகிறேன்.