மைனிக்கு நான் காட்டிக்கொடுத்த ஆப்

ஞாயிறு, இரவு

போன மாதம் நான் மீன் கழுவிக்கொண்டிருந்ததை என் வீட்டுக்காரரின் அக்கா, ஷைலா மைனி, படம் எடுத்தாள். உடுப்பு மாட்டிப் பார்க்கும் ஆப்பில் அதைப் போட்டு, எனக்குக் குட்டைப் பாவாடை மாட்டி, குடும்ப குரூப்பில் விட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

இன்று தன் ஊரான காரோட்டிலிருந்து பஸ் ஏறி வந்தாள். மகள் கல்யாணத்துக்கு அவளுக்குச் சேலை வேண்டுமாம். அவளுடைய ஆப்பில் சேலை கிடையாதாம்.

"எந்த ஆப்பாக்கும் நல்லது, மக்கா?"

எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்புக்குப் பிறகு என் அடுக்களைப் படங்களைப் போட்டு மூன்று ஆப்பைச் சோதித்திருக்கிறேன். ஒன்று என்னை வெளுப்பாக்கியது. ஒன்று இடுப்பைப் பாதியாக்கியது. ஒன்று மட்டும் என் நிறத்தையும் வயிற்றையும் உள்ளபடி காட்டியது.

மைனிக்கு இடுப்பைக் குறைப்பதைக் கொடுத்தேன். படத்தில் மஞ்சள் நெட் சேலையில் இருபது வயதுக்காரியாக நின்றாள்.

"எனக்குச் சேருமா பிள்ளே?"

"மைனிக்குன்னே செய்தது போல உண்டு."

அங்கேயே ஆர்டர் போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். அப்போது கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

நாளை காலை எட்டு மணி வரை ஆர்டரை ரத்து செய்யலாம். பிறகு திருப்பி எடுக்க மாட்டார்கள். மைனி அதை வாசிக்கவில்லை. நான் வாசித்தேன்.

தூக்கம் வருகிறது.