செல்வி என்னிடம் சொல்லாதது

செவ்வாய், இரவு

வலிக்கிறதா என்று கேட்டால் செல்விக்கு ஒரே பதில்தான். "ஒண்ணும் இல்ல, நீங்க வேலைக்குக் கெளம்புங்க." புற்றுநோய் அறக்கட்டளையிலிருந்து வாராவாரம் வீட்டுக்கு வரும் மேரியக்காவிடம் மட்டும் இன்று எல்லாவற்றையும் கொட்டினாள். "தண்ணி குடிச்சாக்கூட வாயெல்லாம் எரியுதுக்கா. ராத்திரியானா பயமா இருக்கு."

அடுப்படியில் நின்று கேட்ட எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாலி கட்டியவன் நான் இல்லையா?

முதலியார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் அக்காவை இறக்கிவிடும்போது, செல்வி ஏன் என்னிடம் எதையும் சொல்வதில்லை என்று கேட்டுவிட நினைத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"நீ தூங்கறியா தம்பி?"

அவ்வளவுதான். செல்வி போய்விடுவாளோ என்று நான் விழித்துக்கிடப்பதையெல்லாம் நடுரோட்டில் சொல்லி அழுதேன்.

"அவகிட்ட சொல்லிடாதீங்கக்கா."

"அவளும் இதத்தான் சொன்னா."

இப்போது பக்கத்தில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை என்று நன்றாகத் தெரிகிறது. கேட்டால், ஒண்ணும் இல்லை என்பாள்.