கடைசி வரியைக் காணோம்

மார்ச் 4

அன்பு அக்காவுக்கு,

தன்னார்வலர் பட்டியல்ல முப்பத்தொன்பதாவது ஆளா உன்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தே போயிட்டேன். ஆஸ்பத்திரி லேப்ல ரத்தப் பரிசோதனை மெஷினுக்கெல்லாம் புரோகிராம் எழுதற உனக்கு இதுக்கு நேரம் ஏது? சரி, வந்தது வந்துட்டே, இனி தப்பிக்க முடியாது.

வேலை சுலபம்தான். புரோகிராம் எழுதறவங்க டைப் பண்றதுக்காக நாங்க நாலு பேர் செய்யற சாஃப்ட்வேர், எடிட்டர்னு சொல்வாங்க. பேர் 'பலகை'. இன்னும் வெளியே விடல. உன் அன்றாட வேலையை இதுலயே செய், எங்கே சொதப்புதோ அதை எழுதி அனுப்பு. சம்பளம் கிடையாது, நன்றி உண்டு. மத்தவங்க புகாரைப் படிவத்துல போடறாங்க. உன் வாய்க்குப் படிவம் பத்தாது, நீ கடிதமாவே எழுது.

ஒண்ணு மட்டும் பெருமையா சொல்லிக்குவேன். நீ சேவ் பண்ண மறந்தாலும் பலகை தானாவே சேவ் பண்ணிக்கிட்டே இருக்கும். எழுதினது தொலையவே கூடாது. எனக்கு ஏன் இந்தப் பிடிவாதம்னு உனக்குத் தெரியும். பத்தொன்பது வருஷம் முன்னாடி, மறுநாள் ப்ராஜெக்ட் குடுக்கணும், அப்பா சொல்லாம கொள்ளாம மெயின் சுவிட்சை அணைச்சார், கம்ப்யூட்டர்ல எழுதி வச்சதெல்லாம் போச்சு. தொழில்ல எலக்ட்ரீஷியன் வேற! எனக்கு ஒரு வருஷம் போச்சு, கைக்கு வந்த வேலையும் போச்சு.

ஏப்ரல் 2 வெளியீடு. வழக்கம்போல, அப்பாவைக் கேட்டதா சொல்ல வேண்டாம்.

உன் தம்பி

மார்ச் 9

டேய் வாலு,

பலகை நல்லா இருக்குடா. எழுத்து கண்ணை உறுத்தல. ஆனா கடைசி வரியைக் காணோம்.

நேத்து நாற்பது வரி எழுதி சேவ் பண்ணினேன். மூடித் திறந்தா முப்பத்தொன்பதுதான் இருக்கு. இன்னிக்கு மட்டும் மூணு தடவை ஆச்சு. எப்பவும் கடைசி வரிதான், அதுக்கு மேல ஒரு எழுத்துகூட அசையல. எனக்கு எரிச்சலே வரல தெரியுமா, ஆர்வம்தான் தாங்கல. சாம்பிள் வைக்கிற ஃப்ரிட்ஜ் உறுமும்போது நடக்குதோன்னு லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போய் அதை ஒட்டி உக்காந்து பார்த்தேன். லேப் டெக்னீஷியன் வந்து, "மேடம், காய்ச்சலா?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க.

அப்பா நல்லா இருக்கார். நீ கேக்க மாட்டே, நானே சொல்லிக்கறேன்.

அக்கா

மார்ச் 13

அன்பு அக்காவுக்கு,

நாலு பேரும் உக்காந்து இருநூறு தடவை சேவ் பண்ணிட்டோம். ஒரு வரிகூடப் போகல. பெரிய ஃபைலா, சின்ன ஃபைலா? வீட்டுலயும் வருதா, ஆஸ்பத்திரியில மட்டுமா? முடிஞ்சா செல்போன்ல வீடியோ எடுத்து அனுப்பு. வெளியீட்டுக்கு இருபது நாள்தான் இருக்கு.

தம்பி

மார்ச் 16

வாலு,

பெரிய ஃபைல், சின்ன ஃபைல், வீடு, ஆஸ்பத்திரி, எல்லா இடத்துலயும் வருது. ஆனா கேளு வேடிக்கையை. நீ கேட்டியேன்னு போனை எதிர்ல நிமிர்த்தி வச்சு, ஒவ்வொரு பட்டனா நிதானமா அழுத்தி வீடியோ எடுத்தேன். இன்ஸ்பெக்டர் வந்த பள்ளிக்கூடம் மாதிரி அத்தனை ஒழுங்கு! போனை எடுத்து உள்ளே வச்சேன், ரெண்டாவது ஃபைல்லயே வரி அவுட். என்னடா இது?

அக்கா

மார்ச் 20

அக்கா,

முப்பத்தெட்டு பேருக்கு வராதது உனக்கு மட்டும் வருது. வீடியோ எடுத்தா வரல. இதை வச்சு நான் என்ன பண்ணட்டும்? சின்ன வயசுலேர்ந்தே நான் எதைச் செஞ்சாலும் அதுல ஒரு நொட்டை சொல்லாட்டி உனக்குச் சோறு இறங்காது. இப்பவும் அதேதான்னு தோணுது. உன் புகாரை மூடிட்டேன். காரணம்: நாங்கள் முயன்றபோது நிகழவில்லை.

தம்பி

மார்ச் 23

தம்பிக்கு,

கோபம் வந்துச்சு. நாலு வரி திட்டி எழுதி அழிச்சேன். அப்புறம் சனிக்கிழமை வீட்டுல வேலை செஞ்சுக்கிட்டிருந்தப்ப, பேப்பர் படிச்சுக்கிட்டிருந்த அப்பா கேட்டார். "ஏம்மா, எழுதி முடிச்சா எப்பவும் டக் டக்னு ரெண்டு தடவை தட்டறியே, ஏன்?"

நான் ரெண்டு தடவை சேவ் பண்றேன்டா. அடுத்தடுத்து, வேகமா. எனக்கே தெரியல, கை தானா செய்யுது. கேமரா முன்னாடி நிதானமா ஒரு தடவைதான் அழுத்தியிருக்கேன். இப்ப ரெண்டு தடவை தட்டிப் பார், வரி போகும்.

இதோட நிறுத்திக்கலாம்தான். ஆனா ஏன் ரெண்டு தடவைன்னு அப்பா கேட்டதுக்கு நான் பதில் சொல்லல. உனக்குச் சொல்லணும்.

பத்தொன்பது வருஷம் முன்னாடி, உன் ப்ராஜெக்ட் போன அன்னிக்கு நீ வெளியே போயிருந்தே. வேலைக்கு ஒரு விண்ணப்பம் டைப் பண்ணணும்னு கம்ப்யூட்டர்ல உக்காந்தேன். உன் ஃபைல் திறந்திருந்தது. மூடினேன். சேவ் பண்ணட்டுமான்னு கேட்டது. நான் 'நோ' அழுத்தினேன். மூணு நாளா சேவ் பண்ணாம வச்சிருந்தது உன் சாமர்த்தியம், மூடினது என் சாமர்த்தியம். அழுதுக்கிட்டே அப்பாகிட்ட ஓடினேன். அவர் உடனே எழுந்தார். போய் மெயினை அணைச்சுட்டு வந்தார். "நான்தான் அணைச்சேன்னு சொல்லிக்கறேன், நீ சும்மா இரு"ன்னார். மனுஷனுக்குப் பொய் வராதே, அதனால நிஜமாவே அணைச்சார்.

நானும் சும்மா இருந்துட்டேன். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம்னு பத்தொன்பது வருஷம் ஓடிப்போச்சு. நீ போன் பண்ணும்போதெல்லாம் அப்பா எழுந்து பால்கனிக்குப் போயிடுவார். பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். அன்னியிலேர்ந்து எதையும் ரெண்டு தடவை சேவ் பண்றேன், அவ்வளவுதான் நான் செஞ்ச பரிகாரம். என்னை மன்னிச்சுடுடா.

இதை எழுதறது அப்பாவுக்குத் தெரியாது. கேட்டா வேண்டாம்னுதான் சொல்வார்.

அக்கா

ஏப்ரல் 1

தம்பி,

வெளியீடு தள்ளிப்போகுதுன்னு எல்லாத் தன்னார்வலருக்கும் வந்த அறிவிப்பு எனக்கும் வந்தது. எனக்குன்னு தனியா ஒண்ணும் வரல. என் புகார் இன்னும் மூடியேதான் இருக்கு, தினம் போய்ப் பார்க்கறேன். திட்டியாவது எழுதுடா.

அக்கா

ஏப்ரல் 6

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்னிக்கே டக் டக்னு தட்டிப் பார்த்தேன். போச்சு. பத்து தடவையில ஆறு தடவை போச்சு. பலகை தானா சேவ் பண்ணி முடிக்கிறதுக்குள்ள உன் ரெண்டாவது தட்டு நடுவுல புகுந்து, கடைசி வரியை எழுத விடாம ஆக்குது. தொலையக் கூடாதுன்னு நான் ஒண்ணு வச்சேன். தொலையக் கூடாதுன்னு நீ ஒண்ணு பழகினே. ரெண்டும் முட்டிக்கிட்டுதான் வரி தொலைஞ்சிருக்கு. அதை மூணே நாள்ல சரி பண்ணிட்டோம், மறுபடி எல்லாத்தையும் சோதிச்சுப் பார்க்கத்தான் வெளியீட்டைத் தள்ளி வச்சோம்.

மிச்ச நாள் முழுக்க உன் மேல கோபம். இன்னும் போகல. பத்தொன்பது வருஷம், அக்கா! அப்பா என்ன கேட்டாலும் "ம்" தவிர எனக்கு வேற பதில் வந்ததில்லை. அதை உன் தலையில போடறதா, என் தலையில போடறதான்னு தெரியாமத்தான் எழுதல.

நேத்து போன் பண்ணினேன். அப்பா எடுத்து, "அக்கா கடைக்குப் போயிருக்கா, அப்புறம் பண்ணு"ன்னார். உங்ககிட்டதான்பா பேசணும்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உக்கார்ற சத்தம் கேட்டது. அக்கா எல்லாத்தையும் எழுதிட்டா, ஏம்ப்பா என்கிட்ட சொல்லலைன்னு கேட்டேன். "நீ அப்ப வீட்டை விட்டுக் கிளம்பற கோபத்துல இருந்தே. என் மேல கோபம்னா அவளுக்காவது கடிதம் போடுவே. அவ மேல கோபம்னா இந்த வீட்டுக்கே போட மாட்டே"ன்னார். நான் அழுதுட்டேன், அக்கா. அவர் பதறிப்போய், "சாப்பிட்டியாடா?"ன்னு மூணு தடவை கேட்டார்.

உன் புகாரைத் திறந்துட்டேன். பலகையில தப்பு சரியாயிடுச்சு, ஆனாலும் இப்போதைக்கு மூடப் போறதில்லை. என் கோபம் போக நாளாகும், நீ அதுவரைக்கும் எழுதறதை நிறுத்திடாதே. தப்பைக் கண்டுபிடிச்சவர்னு ரெண்டு பேரைப் போட்டிருக்கேன். தன்னார்வலர் வரிசையில நீ முப்பத்தொன்பது, அப்பா நாற்பது.

அப்பாவைக் கேட்டதா நீ சொல்ல வேண்டாம். நானே கேட்டுக்கறேன்.

உன் தம்பி