பக்கத்தில் பெயர் இல்லாதவர்கள்

மார்ச் 3, திங்கள்

ஆலைக்காரர்களுக்காக மாப்பிள்ளை நடத்தும் இணையப் பக்கத்தில் யாருக்கும் பெயர் இல்லை, எண் மட்டும்தான். பரீட்சைத்தாளில் பெயரை மறைத்து எண் போடுவோமே, அதைப் பார்த்து நான் சொன்ன யோசனை. 58 என்பவர், தீ பிடித்தால் வெளியேறும் கதவுக்குப் பூட்டு போட்டிருப்பதாக எழுதினார். எழுதியது யாரென்று முதலாளி கேட்டார், நாங்கள் சொல்லவில்லை. இன்று பூட்டு இல்லை. முகம் தெரியாத ஒருவர், நாலு வரி, நானூறு உயிர்! நம்ப முடியவில்லை.

மார்ச் 5, புதன்

212 எழுதியிருக்கிறார்: "வெள்ளிக்கிழமை சாயங்கால ஷிஃப்ட் விடும்போது சூப்பர்வைசரை கேட்லயே முடிச்சிடுவேன். கத்தி வாங்கியாச்சு."

எண்ணைத் திறந்து அதன் பின்னால் உள்ள பெயரைக் காட்டும் பாஸ்வேர்டில் பாதி என்னிடம், பாதி மாப்பிள்ளையிடம்.

"இதைத் திறந்தா நாளைக்கு 58-ஐயும் திறக்கச் சொல்வாங்க அத்தை."

"வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி அணை போடணும், மாப்பிள்ளை."

"நீங்க பழமொழி சொன்னாலே எனக்குப் பயம்."

எனக்கு மட்டும் பயமில்லையா? 'கொன்னுடுவேன்' என்பதை வகுப்பில் தினமும் பத்துத் தடவை கேட்டவள் நான். அது வெறும் கோபம். ஆனால் கிழமை, நேரம், இடம், கத்தி — இது கோபமா, திட்டமா?

ஒருமுறை திருத்திய தாளின் கடைசிப் பக்கத்தில், 'நாளைக்கு நான் இருக்க மாட்டேன்' என்றிருந்தது. அன்று எண்ணைக் கிழித்துப் பெயரைப் பார்த்தோம். அந்தப் பெண் பிழைத்தாள்.

மார்ச் 6, வியாழன்

திறந்துவிட்டோம். போலீசுக்கு அந்த ஒரு பெயர் மட்டும். அவரிடம் கத்தி இருந்ததாம், புதுசாம்.

பக்கத்திலும் மறைக்காமல் எழுதினேன்: '212-ஐத் திறந்தோம். நாள், இடம், ஆள் குறித்துக் கொல்வதாக எழுதினால் திறப்போம். வேறெதற்கும் மாட்டோம். நம்பிக்கை போனவர்கள் எண்ணை அழித்துக்கொள்ளலாம்.'

மார்ச் 7, வெள்ளி

சூப்பர்வைசர் வீடு போய்ச் சேர்ந்தார்.

மார்ச் 8, சனி

நூற்று முப்பத்தொரு பேர் போய்விட்டார்கள். 58-உம். அவர்களைக் குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனா வலிக்குதே.

"கடையைச் சாத்திடலாமா அத்தை?"

"ரெண்டு நாள் பொறுங்க."

மார்ச் 16, ஞாயிறு

காலையில் ஒரு புது எண், 402. எங்கள் அறிவிப்புக்கு நேர் கீழே எழுதியிருக்கிறார்: "மேல உள்ளதை முழுசா படிச்சேன். அதான் தைரியமா சொல்றேன். பாய்லர் சேஃப்டி வால்வைத் திறக்க விடாம கம்பி வச்சுக் கட்டிட்டாங்க, எப்ப வேணா வெடிக்கும். என் பேரு வெளிய வரக்கூடாது."

மூன்று முறை படித்தேன். மாப்பிள்ளையைக் கூவி அழைத்தேன்.