அப்பா வீட்டில் மட்டும் திறக்கும் ஃபைல்

கண்ணு,

வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது, சூடு பண்ணிக்கொள்.

அப்பா வீட்டில் நீ செய்த ப்ராஜெக்ட் ஃபைல் நம் கம்ப்யூட்டரில் திறக்கவே மாட்டேன் என்கிறது. அணைத்துப் போட்டேன், பெயர் மாற்றிப் பார்த்தேன். “புது வெர்ஷன்ல செஞ்சது அக்கா, உங்க பழசுல திறக்காது” என்றார் கம்ப்யூட்டர் கடைக்காரர்.

அந்த வீட்டில் கம்ப்யூட்டர், சோபா, சித்தி எல்லாமே புதுசுதானே!

“சித்தின்னா ஒரு நிமிஷத்துல திறந்துருவாங்கம்மா” என்று நேற்று சொன்னாயே. தாராளமாகத் திறக்கட்டும். இனிமேல் அங்கே ஆரம்பித்ததை அங்கேயே முடித்துக்கொள்.

பி.கு.: மேலே உள்ளதைக் கோபத்தில் எழுதிவிட்டேன். பழைய வெர்ஷனில் சேவ் பண்ணித் தரச் சொல்லி உன் சித்தியிடமே கேள். பாதியாவது என் பக்கத்தில் உட்கார்ந்து செய்.

அம்மா