அப்பா கையை உயர்த்தினார்

ஞாயிறு, இரவு பத்தரை.

கோட்டையில் இன்று ஒல்லாந்தர் காலத்தை நடித்துக் காட்டினார்கள். வாசலில் மரத் துவக்கோடு நின்ற ஒல்லாந்தர் சரியான ஒல்லி. அம்மா ஐஸ்கிறீம் வாங்கப் போன நேரம் அவரிடம் போனேன். "அண்ணை, அந்த நீலச் சேட்டுக்காரரை ஒருக்கா மறியுங்கோ. என்ரை அப்பாதான்," என்று காதுக்குள் சொன்னேன். வீடியோ எடுக்கப் போனையும் தயாராக வைத்திருந்தேன்.

அவர் துவக்கை நீட்டி, "நில்," என்று கத்தினார்.

அப்பா இரண்டு கையையும் உயர்த்தினார். ஒரு கையில், சண்டைக் காலத்தில் ஆமி மறித்தால் காட்டுவதுபோல, அடையாள அட்டை இருந்தது. அதை எப்போது எடுத்தார் என்றே தெரியவில்லை. எனக்கும் தங்கச்சிக்கும் முன்னால் வந்து நின்று, "பிள்ளையள் சேர், அவையளை விடுங்கோ," என்றார்.

சனம் சிரித்தது. ஒல்லாந்தர் துவக்கைக் கீழே பதித்து, "ஐயா, இது நாடகம்," என்றார். பிறகு அப்பாவும் சிரித்தார். அட்டையைப் பேர்சுக்குள் வைக்க அவருக்கு வெகுநேரம் எடுத்தது.

"அம்மாட்டைச் சொல்லிப்போடாதை," என்றார் என்னிடம். செய்வித்தது நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

இரவு சாப்பிடும்போது தங்கச்சி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

"உது என்னடி?" என்றார் அம்மா.

அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒல்லாந்தரின்ரை டான்ஸ் அம்மா," என்றேன்.

அம்மா சிரித்தார். அப்பா தன் மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.

வீடியோவை அழித்துவிட்டேன். அப்பா மூன்றாம் தரமாக எழும்பிப் போய், முன்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார். இப்போது போனால் சொல்லிவிடலாம். லைற்றை அணைத்தால் தப்பிவிடலாம்.

இன்னும் அணைக்கவில்லை.